மேல்கால் சாயும் பக்கம்

ஊசிய அப்படிப் பிடிக்காத பிள்ள. பஸ்ஸு ஒரு குலுக்கு குலுக்குனா உன் தொடையிலதான் ஏறும். மொட்டை ஊசிதானேன்னு நெனைக்காத. கிராஸ் தையல் ஊசிக்கு முனை மொட்டைதான், ஆனா வேகமா எறக்குனா சதையில ஏறும். ஏத்திப் பாத்திருக்கேன், அதான் சொல்லுதேன்.

ஐய, பயந்துட்டியா? உன்னை ஒண்ணும் செய்யமாட்டேன். கொஞ்சம் தள்ளி உக்காரு, ஜன்னல் பக்கம் எனக்கு விடு. பையில ஒரு சாமான் இருக்கு, கசங்கக் கூடாது. நான் நாங்குநேரியில எறங்கணும். கோர்ட்டுக்கு. ஆமா, கோர்ட்டுக்குத்தான். முழிக்காத, கொலைக் கேஸ் இல்ல. கை கேஸ். ஒரே ஒரு கை, அதுலயும் பீச்சாங்கை. அதுக்கு இம்புட்டு அலைக்கழிப்பு.

என்ன போடுத, கிளியா? கொண்டா பாப்போம். ம். பரவாயில்ல. ரெண்டு இழையும் முறுக்கிக்காமப் படுத்திருக்கு. இழைக்கு நடுவுல ஊசிய விட்டு இழுக்கியோ? கெட்டிக்காரிதான். முடிச்சும் போடல, நூலை ரெண்டா மடிச்சு, மடிப்புல வந்த காதுக்குள்ள ஊசியக் கோத்துத்தான் ஆரம்பிச்சிருக்க. யாரு சொல்லித் தந்தா? போன்ல பாத்தியா? நாங்கள்லாம் அடி வாங்கிப் படிச்சது, நீ போன்ல பாத்துப் படிச்சுட்ட. சரி, சரி.

ஒவ்வொரு பெருக்கலா முடிச்சு முடிச்சுப் போற போல. அப்ப நீ என் கட்சி. கிராஸ் தையல்ல ரெண்டு கட்சி உண்டு, கேட்டியா. ஒரு பெருக்கலுக்கு ரெண்டு கால். அடிக்கால் ஒண்ணு, அதுக்கு மேல குறுக்க விழுத மேல்கால் ஒண்ணு. நம்ம கட்சி ரெண்டு காலையும் போட்டு முடிச்சுட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். இன்னொரு கட்சி இருக்கு, வரிசை முழுக்க அடிக்காலாவே போட்டுக்கிட்டு போவா. திரும்பி வரும்போது மேல்காலாவே போட்டுக்கிட்டு வருவா. அது வேகம்தான். நான் இல்லேன்னு சொல்லல. நான் பொய் சொல்லமாட்டேன், அது எங்கிட்ட கிடையாது. நூலும் மிச்சம். துணிய மறிச்சுப் பாத்தா பின்பக்கம் வேலிக்குக் கம்பு நட்ட மாதிரி கோடுகோடா நெட்டுக்குத்தலா நிக்கும், அவ்வளவு சுத்தம். ஆனா நடுவுல ஒரு கட்டம் எண்ணத் தப்பிட்டுன்னு வையி, வரிசை பூராவும் பிரிக்கணும். எனக்கு ஒரு பெருக்கல பிரிச்சாப் போதும். என் பின்பக்கம் கோழி கிளறுன மாதிரிதான் இருக்கும். இருந்துட்டுப் போகுது. பின்பக்கத்தை எவ பாக்கப் போறா?

துணிய வச்சுப் போடுததுலயும் ரெண்டு கட்சி. மரச் சட்டத்துல துணிய இழுத்துக் கட்டி, ஒரு கை மேல, ஒரு கை கீழ. மேல உள்ளது குத்தும், கீழ உள்ளது வாங்கும். குத்து, வாங்கு. குத்து, வாங்கு. அது நான். துணிய மடியில போட்டு, ஊசியால ஒரே அள்ளா அள்ளி எடுக்கது எப்சி. வரிசை வரிசையா போடுத கட்சியும் அவதான்.

எப்சின்னா எப்சிபா. என் கொழுந்தன் பெண்டாட்டி. எனக்கு ஓர்ப்படியா. கை கேஸ்னு சொன்னம்லா, அந்தக் கை அவளுக்குள்ளதுதான்.

அண்ணாச்சி! ஓய், முன்னால இருக்க அண்ணாச்சி! கைய கம்பியில வையும், சீட்டுக்குப் பின்னால தொங்கப் போடாதயும். இது பொம்பளைய உக்கார இடம். என்னது, மறந்துட்டீரா? எங்கிட்ட ஊக்கு இருக்கு, ஞாபகப்படுத்தட்டா?

எடுத்துட்டான். பாத்தியா? அவ்வளவுதான் விசயம். வாயால சொன்னா ஒரு பய கேக்கமாட்டான், ஊக்குன்னு சொன்னதும் கேட்டான். எப்சி விசயத்துலயும் அதான் நடந்துது. ஆனா அதைக் கோர்ட்டுல சொல்லப்பிடாதாம். வக்கீல் சொல்லுதாரு, "தங்கபுஷ்பம், நீ அடிச்சேன்னு சொல்லாத. அம்மிக் குழவி கை வழுக்கி அவ கைமேல விழுந்துட்டுன்னு சொல்லு"ங்காரு. எனக்கு வந்துது பாரு ஒரு கோவம். குழவி வழுக்குமா? எத்தனை வருசமா அரைக்குதேன், என் கையில இருந்து எது வழுக்கியிருக்கு? அடிச்சேன்னுதான் சொல்லப் போறேன். எதுக்கு அடிச்சேன், அடிச்சதால என்ன நடந்துதுன்னும் சொல்லப் போறேன். அதுக்குச் சாட்சிதான் இந்தப் பையில இருக்கு.

பஸ்ஸ எடுத்துட்டான். ஊசிய உள்ள வையி. கேளு.

எங்க கோயிலுக்குப் புதுசா திருவிருந்து மேசை செஞ்சாவ. கோயில்னா வேதக் கோயில், சர்ச்சு. பழைய மேசையவிட நீளம். பழைய விரிப்பு பத்தாது. அசனப் பண்டிகை வருது, ஊரே ஒரே பந்தியில உக்காந்து சோறு திங்க நாளு, அதுக்குள்ள புது விரிப்பு வேணும். பழைய விரிப்பு என் கைதான். அதுக்கு முன்னால உள்ளதும் என் கைதான். இந்தத் தடவை ஐயரம்மா, எங்க போதகர் சம்சாரத்தை அப்படித்தான் கூப்பிடுவோம், அவிய வந்து நைசா சொல்லுதாவ, "நீளம் ஜாஸ்தில்லா தங்கபுஷ்பம், நாளும் இல்ல. நீ ஒரு பாதி போடு, எப்சி ஒரு பாதி போடட்டும்"னு. ரெண்டு துண்டா போட்டு நடுவுல சேக்கணும். ரெண்டு பக்கமும் திராட்சைக் கொடி ஓடி வருது. நடுவுல பாத்திரம். பாத்திரத்துல பாதி எனக்கு, பாதி அவளுக்கு.

எனக்கு அப்பவே வயிறு எரிஞ்சுது. மறைக்கல.

ஏன்னா அவ பீச்சாங்கைக்காரி. எழுதுனா பீச்சாங்கை, வெட்டுனா பீச்சாங்கை, ஊசி பிடிச்சாலும் பீச்சாங்கை. பீச்சாங்கைக்காரிக்கு எல்லாம் மாத்திதானே வரும்? நமக்கு மேல்கால் இடப்பக்கம் சாஞ்சா அவளுக்கு வலப்பக்கம் சாயும். நீ கேப்ப, சாஞ்சா என்ன, பெருக்கல் பெருக்கல்தானேன்னு. அங்கதான் இருக்கு சூட்சுமம். கிட்டப் பாத்தா ஒண்ணும் தெரியாது. மேசையில விரிச்சு, மெழுகுவத்திய ஏத்தி, தள்ளி நின்னு பாரு. மேல்கால் ஒரு பக்கமா சாஞ்சது மினுங்கும், மறுபக்கம் சாஞ்சது செத்துக் கெடக்கும். ஒரே பெட்டி நூலுதான், ஆனா ரெண்டு கலரு மாதிரி நிக்கும். கர்த்தருடைய பாத்திரம் பாதி வெளிச்சமும் பாதி இருட்டுமா இருந்தா எப்படி இருக்கும்? ஊர் சிரிக்காது?

அதனால முத நாளே அவகிட்டச் சொன்னேன். "எப்சி, சோத்தாங்கையால போடு." சொன்னேன், வாயாலதான் முதல்ல சொன்னேன். "வராதுக்கா, நான் பாத்துக்கிடுதேன்"னா. என்னத்தைப் பாத்துக்கிடுவா? ஊசி அவ கையிலதான் இருந்துது. வாங்குனேன். அவ பீச்சாங்கைப் புறங்கையில ஒரே எறக்கு. சொன்னம்லா, ஏறும்னு. ஏறுச்சு.

அவ சும்மா இருந்தான்னு நெனைக்கியா? எல்லாரும் அவளைப் பாவம் பாவம்னு சொல்லுதாவல்லா, இந்தா, இந்தப் புருவத்தைப் பாரு. தழும்பு தெரியுதா? கத்திரிக்கோலை விட்டெறிஞ்சா. கொஞ்சம் கீழ எறங்கியிருந்தா கண்ணு போயிருக்கும். நான் அவ கொண்டையப் பிடிச்சேன். அவ என் தோளைக் கடிச்சா. நல்லா அழுத்தமாத்தான் கடிச்சா, பல்லு வரிசை பதிஞ்சு கெடந்துது. சத்தம் கேட்டு எங்க வீட்டு அவிய வந்தாவ. கொழுந்தன் பம்பாயில இருக்கான், வீட்டுல ஆம்பளைன்னு இவிய ஒருத்தர்தான். வந்து எனக்குக் குடுத்தாவ பாரு, சுவத்துல போயி விழுந்தேன். தம்பி பெண்டாட்டியத் தொடப்பிடாதுல்லா? அதனால அவளுக்கு விழ வேண்டியதும் எனக்கே விழுந்துது. எப்பவும் அப்படித்தான். நான் குத்தம் சொல்லல. அவியளுக்குக் கை சட்டுன்னு நீளும், ஆனா நெஞ்சுல ஒண்ணும் கெடையாது.

சிரிக்கியா? அழுவியா? மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க?

பீச்சாங்கை மாறும் பிள்ள. மாறாதுன்னு சொல்லாத. இந்தா இருக்கேன்லா நான். நானும் பொறவியில பீச்சாங்கைதான். யாருக்கும் தெரியாது, உனக்குச் சொல்லுதேன். போர்டிங் பள்ளிக்கூடத்துல சுகிர்தம் டீச்சர்னு தையல் டீச்சர். பீச்சாங்கைய முதுகுக்குப் பின்னால துண்டை வச்சுக் கட்டிப் போடுவா. கட்டு அவுந்துட்டுன்னா ஸ்கேலை நட்டமா பிடிச்சு விரல் முட்டியிலேயே போடுவா. இந்தச் சுண்டுவிரலைப் பாரு, வளைஞ்சிருக்குல்லா? அது அவ போட்டது. அழுதேன், மூத்திரம் போயிட்டேன், காய்ச்சல்ல கெடந்தேன். மாறலியா? மாறுச்சு. இன்னைக்கு என் மேல்கால் ஒண்ணாவது சாய்வு தப்புமா? டீச்சர் சாவுக்குப் போயி நான்தான் பெட்டிக்குள்ள விரிப்பு விரிச்சேன். அழுகையே வரல எனக்கு. அது ஏன்னு தெரியல. சரி, அது வேற கதை.

நானும் டீச்சர் செஞ்ச மாதிரியே எப்சிக்குக் கட்டிப் பாத்தேன். அவ அசந்து தூங்குன நேரம், மத்தியானம், தேங்காய்ப்பூத் துண்டை வச்சு பீச்சாங்கைய ஜன்னல் கம்பியோட சேத்துக் கட்டிட்டேன். முழிச்சுப் பாத்தா. என்னைக் கூப்பிடுவா, கெஞ்சுவான்னு பாத்தேன். அந்த மூதி துண்டைப் பல்லாலயே கடிச்சு அவுத்துட்டு, போயி உக்காந்து மறுபடியும் அதே கையால போட ஆரம்பிச்சுட்டா. அந்தத் திமிருதான் எனக்குப் பொறுக்காது. நான் அவுத்தனா? எனக்குக் கட்டும்போது நான் ஒரு நாளாவது அவுத்தனா?

அதுக்கு மேல அவ வேகம். நான் சட்டத்துல ஒரு இலை முடிக்கதுக்குள்ள அவ மடியில ஒரு கொத்து பழுத்துரும். எங்கிட்டும் தூக்கிட்டுப் போவா. கெணத்தடியில உக்காந்து போடுவா, அடுப்புல சோறு கொதிக்கும்போது போடுவா, கோழிக்குத் தவிடு வச்சுட்டுப் போடுவா. நான் சட்டத்தை விட்டு எங்க போக? சட்டம் சுவரோரமா ஆணி அடிச்சு நிக்கி. துணி அசையாது, நானும் அசையமாட்டேன். இழுப்பு ஒரே சீரா இருக்கும், தையல் குமிழாது. அழகுக்குச் சட்டம்தான். வேகத்துக்கு மடிதான். நான் ஒளிக்கல.

ஆனா அவ துணியப் பிடிக்க லட்சணம் இருக்கே. வித்தைக்காரி துணிய மரியாதையா நேரா வச்சுல்லா போடணும்? அவ குறுக்க வச்சுப் போடுவா. திராட்சைக் கொத்து தொங்குதது அவ மடியில படுத்துக் கெடக்கும், குடிச்சுட்டுப் படுத்தவன் மாதிரி. பாத்திரம் சரிஞ்சு கெடக்கும். பாக்கப் பாக்க எனக்கு எரியும். "நேரா வச்சுப் போடுட்டி"ன்னா, "இப்படித்தான்க்கா வரும்"பா. கர்த்தருடைய பாத்திரத்தைக் கவுத்து வச்சுத் தைக்கவளுக்கு என்ன விளங்கும், சொல்லு.

அந்த நாளு வந்துது. அசனத்துக்குக் கறி மசாலா அரைக்க அம்மி கழுவி, குழவியப் பின்வாசல் படியில காய வச்சிருந்தேன். வெயில்னா வெயிலு. எப்சி அந்தப் படியிலதான் உக்காந்திருக்கா. அவ பாதி முடியப் போவுது. ஒரு இலைதான் பாக்கி. எனக்கு இன்னும் பாத்திரத்து விளிம்பே கெடக்கு. தண்ணி எடுக்கப் போனவ, குனிஞ்சு அவ மடியப் பாத்தேன்.

மேல்கால் வலப்பக்கம் சாஞ்சிருக்கு பிள்ள.

என் கண்ணால பாத்தேன். கண்ணாடி போட்டிருந்தேன். அவ போட்டுக்கிட்டு இருக்கும்போதே பாத்தேன், மேல்கால் இப்படி, வலப்பக்கம், வரிசையா, ஒண்ணுவிடாம. எனக்கு எப்படி இருக்கும்? ரத்தம் அப்படியே தலைக்கு ஏறுச்சு. ஊரு முன்னால, மெழுகுவத்தி வெளிச்சத்துல, என் பாதி மினுங்க அவ பாதி செத்துக் கெடக்கப் போவுது. ஆனா ஊரு என்ன சொல்லும்? எப்சி பாதி செத்துக் கெடக்குன்னா சொல்லும்? வேகக்காரியச் சொல்லாது. தங்கபுஷ்பம் தப்பாப் போட்டுட்டா, அவளுக்குக் கண்ணு போயிட்டுன்னுல்லா சொல்லும்!

"ஏட்டி, என்ன செஞ்சு வச்சிருக்க"ன்னேன். அவ தலையத் தூக்கிச் சிரிச்சா. சிரிச்சா பிள்ள. "ஒரு நிமிசம் அக்கா, காட்டுதேன்"ன்னு பீச்சாங்கையப் படியில ஊனி எந்திரிக்கப் போனா.

கை படியில இருந்துது. குழவி பக்கத்துல இருந்துது. நான் தேடிக்கிட்டுப் போகல.

ஒரு அடிதான்னு எஃப்.ஐ.ஆர்.ல இருக்கு. ஒரு அடி இல்ல. நான் பொய் சொல்லமாட்டேன். முத அடியில அவ கத்துனா. "ஒரு நிமிசம் அக்கா, ஒரு நிமிசம்"னுதான் கத்துனா, அம்மான்னுகூட கத்தல. பொறவு என்ன எண்ணிக்கிட்டா இருப்பாவ? விரல் முட்டி இருக்குல்லா, அங்கதான் போட்டேன், டீச்சர் போடுத எடத்துல. கோழியெல்லாம் செதறி ஓடிட்டு. குழவியக் கீழ போட்டதும்தான் எனக்கு மூச்சே வந்துது. துணியில ஒரு சொட்டு விழல. அவ சோத்தாங்கையால துணியத் தூக்கித் தூரப் பிடிச்சிருந்தா. அந்த ஒண்ணுக்கு மட்டும் அவளை மெச்சணும்.

நடுவிரலும் ஆள்காட்டி விரலும் இனி மடங்காதாம். டாக்டர் சொல்லிட்டாராம். இனி ஊசி பிடிக்கமுடியாதாம். இப்ப அவ அம்மா வீட்டுல இருக்கா. நான் கேக்கேன், சோறு சோத்தாங்கையாலதானே திங்கா? வேற என்ன நஷ்டம்? இனிமேலாவது சோத்தாங்கையால ஊசி பிடிச்சுப் பழகட்டுமே. நான் பழகலியா?

ஏன் பிள்ள என் கையவே பாக்க? தண்ணி வேணுமா? இந்தா, குடி.

இனிமேத்தான் விசயமே இருக்கு. போலீஸ் வந்தாவ, கூட்டிட்டுப் போனாவ, ஜாமீன்ல வந்தேன். வந்தா அசனத்துக்கு நாளு இல்ல. அவ பாதிய எடுத்து, அந்த ஒத்தை இலையும் போடணும்லா, அவ போட்டது முழுக்கப் பிரிச்சுப் போடணும்லான்னு நெனச்சுக்கிட்டே மேசையில நேரா விரிச்சேன். விரிச்சுப் பாக்கேன், மேல்கால் எல்லாம் இடப்பக்கம் சாஞ்சு கெடக்கு.

எல்லாம். ஒண்ணுவிடாம. கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தேன். அன்னைக்கு என் கண்ணு முன்னால வலப்பக்கம் சாஞ்சு கெடந்த அதே வரிசை, இப்ப என் தையல் மாதிரியே கெடக்கு. யாரு பிரிச்சா? அவ ஆஸ்பத்திரியில கெடந்தா. துணி வீட்டுக்குள்ள பூட்டியிருந்துது. மனுசக் கை படல.

கர்த்தர் செஞ்சாரு. வேற யாரு செய்வா? கோணலானதைச் செவ்வையாக்குவேன்னு வேதத்துல இருக்குல்லா? நான் அப்படியே முழங்காலுல விழுந்துட்டேன். நான் அடிச்ச அடிய அவரு ஏத்துக்கிட்டாரு, அதுக்கு அடையாளம் இது.

ரெண்டையும் சேத்துத் தைச்சேன். சேத்த எடம் தெரியாது. என் பின்பக்கம் அலங்கோலம்லா, அதனால அடியில லைனிங் துணி வச்சு முழுக்க மூடிட்டேன். பண்டிகை அன்னைக்கு விரிச்சாவ. மெழுகுவத்திய ஏத்துனாவ. பாத்திரம் இந்த விளிம்புலேர்ந்து அந்த விளிம்பு வரைக்கும் ஒண்ணுபோல மினுங்குது பிள்ள! நான் சபைக்கு முன்னால எந்திரிச்சு நின்னு சாட்சி சொன்னேன். கர்த்தர் எப்சியுடைய தையலை நேராக்குனாருன்னு. ஐயர் இருமுனாரு. ஐயரம்மா அழுதாவ. சந்தோசத்துல அழுதாவ. பொறவு எங்கூடப் பேசவே இல்ல, பொறாமையோ என்னமோ.

அந்த விரிப்பைத்தான் கேட்டு வாங்கிக் கொண்டு போறேன். ஜட்ஜய்யா பாக்கட்டும். அடிச்சது தப்புன்னா இது எப்படி நேராகும்? பாரு, நீயே பாரு. நீ தையக்காரிதானே. பிடி அந்த முனைய. கைய நல்லாத் தொடச்சுட்டுப் பிடி. பாத்தியா? இது என் பாதி, இது அவ பாதி. மேல்கால் ஏதாவது ஒண்ணு வலப்பக்கம் சாஞ்சிருந்தா காட்டு. காட்டமுடியாது. எப்படி இது? சொல்லு. அற்புதம்னு சொல்லமாட்டியா?

என்ன? துணி மாட்டுன உன் தையல் வளையத்தை எதுக்கு எடுக்க? நான் இதைக் கேக்கேன், நீ கிளியைக் காட்டுத.

ஆமா, பாத்தேன். உன் கிளிக்கும் மேல்கால் இடப்பக்கம்தான். அதுக்கென்ன?

என்ன செய்த? ஏன் குறுக்கத் திருப்புத? கிளி படுத்துட்டுல்லா.

இரு.

இரு பிள்ள. மறுபடி நேரா வையி. இடப்பக்கம். திருப்பு. ...வலப்பக்கம். கொண்டா, எங்கிட்டத் தா, நான் திருப்புதேன். நேரா. குறுக்க. நேரா. கிளி நின்னா இடப்பக்கம், கிளி படுத்தா வலப்பக்கம். அதே நூலு. ஒருத்தரும் பிரிக்கல. சும்மா துணிய ஒரு கால்வட்டம் திருப்புனதுக்கு.

அப்ப, பீச்சாங்கைக்காரிக்கு மேல்கால் வலப்பக்கம்தான் விழும்னா... துணியக் குறுக்க வச்சுக்கிட்டா... பொறவு நேரா விரிச்சா...

திராட்சை படுத்துல்லா கெடந்துது அவ மடியில.

கத்திரிக்கோல் வச்சிருக்கியா? தா. தா பிள்ள, உன்னைக் குத்தமாட்டேன், தா. இந்த லைனிங்க கிழிக்கணும். பின்பக்கம் பொய் சொல்லாது. வரிசையா போடுதவளுக்குப் பின்னால கம்பு நட்ட மாதிரி நெட்டுக்குத்தலா நிக்கும்னு சொன்னம்லா. நேராத் தைச்சிருந்தா நிக்கணும். பிடி, இழுத்துப் பிடி. இந்தா கிழிச்சாச்சு. இது என் பக்கம், கோழி கிளறுனது. இது அவ பக்கம்.

படுத்துக் கெடக்கு.

எல்லாக் கோடும் படுத்துக் கெடக்கு பிள்ள. மொதத் திராட்சையிலேர்ந்து. மொத நாளுலேர்ந்து. நான் ஊசிய எறக்குன அன்னைக்கே அவ குறுக்க வச்சுத்தான் போட்டிருக்கா. என் தையலோட சேரணும்னு, என் மேல்காலுக்குத் தக்கனதான் போட்டிருக்கா. "நான் பாத்துக்கிடுதேன்"னா. பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா. காட்டுதேன்னுதானே எந்திரிச்சா...

எனக்கு ஏன் தோணல? கட்டிப் போடாம, அடிக்காம, துணியக் குறுக்க வச்சுப் போடுட்டின்னு எனக்கு ஏன் ஒருத்தியும் சொல்லல? என் கையி இருந்திருக்கும்லா. என் கையி எங்கிட்டயே இருந்திருக்கும்லா!

என்ன பாக்க? அண்ணாச்சி, நீரு என்ன திரும்பிப் பாக்கீரு? கண்ணை நோண்டிருவேன்!

உன்னை யாரு திருப்பச் சொன்னா? கேக்கேன்லா. நான் உங்கிட்ட அற்புதத்தைக் காட்டுனேன், நீ எதுக்குக் கிளியத் திருப்புன? நாங்குநேரி வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்லா. நான் பாட்டுக்குப் போயி, அடிச்சேன்னு நிமிந்து நின்னு சொல்லியிருப்பேன். இப்ப நான் அங்கன போயி என்னத்தைச் சொல்ல?

கண்டக்டர் விசில் அடிக்கான். நாங்குநேரிதான். எறங்கணும். விடு, காலை மடக்கு.

குழவி வழுக்கிட்டு. ஆமா, அப்படித்தான் சொல்லப் போறேன். வக்கீல் சொன்னதுதான் சரி. குழவி ஈரமா இருந்துது, கை வழுக்கிட்டு, அவ கைமேல விழுந்துட்டு. நீ எதையும் திருப்பல. நான் எதையும் பாக்கல. கேட்டியா?

துணியா? அது எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்க. தூரப் போடு. எரிச்சுப் போடு. எங்கிட்ட நீட்டாத, நான் எறங்குதேன்.

என்னது?

ஒரு நிமிசம் அக்காவா?

அப்படிச் சொல்லாத பிள்ள. என்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டு, அந்தக் கத்திரிய எடுத்து எறி, எதுன்னாலும் செய்யி. அதை மட்டும் சொல்லாத.